பேர் சொல்ல வாய் வராத மரம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது. இங்கே நான் சுகம், உங்க அப்பா சுகம், வாசல்ல நிக்கிற மரம் எங்க ரெண்டு பேரையும் விட சுகம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாம இருப்பேன்னு நம்புறேன். நம்புறதைத் தவிர எனக்கு வேற வழி என்ன இருக்கு, போன்ல கேட்டா நல்லா இருக்கேம்மா மீட்டிங் இருக்கும்மான்னு ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லிட்டு வெச்சிடுறே. அதனாலதான் கடிதம். கடிதத்தை நடுவுல வைக்க முடியாது பாரு, வெச்சாலும் அது அங்கேயே கிடக்கும், மறுபடி எடுத்துத்தான் ஆகணும். இன்னொரு காரணமும் இருக்கு. இதுல சொல்லப்போற விஷயத்தைப் போன்ல சொன்னா முழுசாக் கேக்காம நீ பாதியிலேயே டிக்கெட் போட்டுடுவே. அதனால உட்கார்ந்து நிதானமாப் படி. யாரும் சாகலை, யாருக்கும் ஒரு கீறல் கூட இல்லை, அதை முதல்லயே சொல்லிடுறேன்.

நீ ஆயிரத்து இருநூறு பேர் வேலை செய்யிற ஃபேக்டரிக்குப் பாதுகாப்பு அதிகாரி. எவன் ஹெல்மெட் போடலை, எந்தத் தரையில எண்ணெய் சிந்தியிருக்குன்னு கண்டுபிடிக்கிறதுக்குத்தான் உனக்குச் சம்பளம். அந்தப் புத்தியை எங்க பக்கமும் திருப்பி, நாப்பத்திரண்டு கேள்வி வெச்சு ஒரு பட்டியல் தயார் பண்ணி, போட்டோவைப் பார்த்தே வீட்டை முடிவு பண்ணி எங்களைக் குடி மாத்தினே. படி இருக்கான்னு கேட்டே, இல்லை. பாத்ரூம் தரை வழுக்குமான்னு கேட்டே, வழுக்காது. ஆஸ்பத்திரி எத்தனை நிமிஷம், மருந்துக்கடை எத்தனை நிமிஷம், வாசல்ல ஆம்புலன்ஸ் திரும்ப இடம் இருக்கா, எல்லாம் கேட்டே. சுடுகாடு எத்தனை நிமிஷம்னு மட்டும் மரியாதைக்கு விட்டுட்டே போல. ஆனா தலைக்கு மேல ஏதாவது தொங்குமான்னு ஒரு கேள்வி அந்த நாப்பத்திரண்டுல இல்லையேடி. சரி, உன்னைச் சொல்லியும் குத்தமில்லை. வீட்டை வித்த மனுஷன் அனுப்பின போட்டோ எல்லாத்துலயும் மரத்தை ஓரத்துல வெட்டித்தான் அனுப்பியிருந்தான். நாங்க நேர்ல வந்தப்போ பூ காய் ஒண்ணும் இல்லாம, சாதுவா, இலையை மட்டும் வெச்சுக்கிட்டு நின்னுச்சு. நல்ல நிழல் மரம்மா, ஒரு தொந்தரவும் பண்ணாதுன்னு சொல்லிட்டு சாவியை என் கையில வெச்சான் பாரு, அந்த வேகத்தைப் பார்த்தே நான் சுதாரிச்சிருக்கணும். தொங்கினது எல்லாத்தையும் அதுக்கு முந்தின வாரமே அறுத்துப் போட்டு ஒரு வண்டி நிறைய ஏத்தி அனுப்பினான்னு பின்னாடிதான் தெரிஞ்சுது.

உங்க அப்பா கதை உனக்குத் தெரிஞ்சதுதான், ஆனாலும் பாதிதான் தெரியும். பழைய வீட்டு மூணாவது மாடிப் படியில முழங்கால் மடங்கி விழுந்ததை அவர் என்கிட்டயே நாலு நாள் மறைச்சார், உன்கிட்ட நான் மறைக்கலை, நீ போன்ல சத்தம் போட்டே, என்னைக் கிழவன்னு முடிவு பண்ணிட்டியான்னு அவர் கேட்டார், ஆமாம்ப்பா கிழவர்தான்னு நீ சொன்னே. ஒரே குட்டையில ஊறின மட்டைங்க, யாரைச் சொல்றது. அன்னையிலேர்ந்து பதினோரு மாசமா ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லை. சின்ன வயசுல நீ கிளாஸ்ல முதலா வந்தப்போ என் மகள், என் மகள்னு லைன்மேன்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தவர், இப்போ உன் மகள் போன் பண்ணினாளான்னு என்கிட்ட கேக்கிறார். புது வீட்டுக்கு வந்து பின்பக்க ரூம்ல ஒரு நாற்காலியைப் போட்டுக்கிட்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அவரோட ரெண்டு இரும்புப் பெட்டியையும் கட்டின கயிறு அவுக்காம கட்டில் கீழே தள்ளிட்டார். பிரிச்சு வைங்களேன்னு சொன்னா, எதுக்கு, நாளைக்கு உன் மகள் வேற வீடு பார்ப்பாள்னார். மூணு மாசம் அந்த முகத்தைப் பார்த்துக்கிட்டு நான் சமைச்சேன். உப்பு சரியா இருக்கான்னு கேட்டாக் கூட பதில் கிடையாது. உப்பே போடாம ஒரு நாள் வெச்சுப் பார்த்தேன், அதையும் சாப்பிட்டுட்டு எழுந்து போயிட்டார். அப்போதான் எனக்கு நிஜமாவே பயம் வந்துச்சு. இதை உனக்கு அப்போ சொல்லலை, இப்போ சொல்றேன்.

அந்த மனுஷனை ரூமை விட்டு வெளியே இழுத்தது நீயும் இல்லை, நானும் இல்லை, இந்த மரம்தான். மின்வாரியத்துல முப்பத்திநாலு வருஷம் குப்பை கொட்டினவருக்கு மரம்னா ரெண்டே ஜாதி, கம்பியில படுறது, கம்பியில படாதது. வந்த அன்னைக்கே நிமிர்ந்து பார்த்துட்டு, கம்பியில படும், வெட்டணும்னு தீர்ப்பு சொல்லிட்டு உள்ளே போயிட்டார். நாலாவது மாசம் ஒரு நாள் சாயங்காலம் பால் வாங்க வெளியே வந்தவர் வாசல்லயே நின்னு, எவன்டா என்னைக் கேக்காம இங்க சர்வீஸ் வயர் இழுத்ததுன்னு கத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தா, கிளையிலேர்ந்து கறுப்பா நீளமா ஏழெட்டு கயிறு தொங்குது. ஆள் உயரத்துக்கு மேல இருக்கும் ஒவ்வொண்ணும். வயர் இல்லை, பூக்காம்பு. அடுத்த வாரம் அந்தக் கயிறெல்லாம் பூத்துச்சு. பூன்னா சின்னப் பூவா, ஒவ்வொண்ணும் காப்பி டம்ளர் அளவு, காய்ஞ்ச ரத்தத்தோட நிறம், ஓரமெல்லாம் சுருக்கம். பொழுது சாய்ஞ்சாத்தான் விரியும். வௌவால்களுக்குத் தாம்பூலம் வெச்சு அழைச்ச மாதிரி தெரு வௌவால் எல்லாம் வந்து சேரும். காலையில வாசலை ஒட்டின தகரக் கொட்டகை மேல தொப்பு தொப்புன்னு விழுந்து கிடக்கும். வாசனையைப் பத்திக் கேக்காதே. மூடி திறந்து ஒரு வாரம் வெச்ச பி காம்ப்ளெக்ஸ் பாட்டிலை மோந்து பார்த்திருக்கியா, அதேதான். நான் தினமும் ரெண்டு கூடை வாரிக் கொட்டுவேன், உங்க அப்பா வாசல்ல நாற்காலியைப் போட்டுக்கிட்டு, எந்தக் காம்புல எத்தனை பூன்னு எண்ணுவார். பேச்சு கிடையாது. ஆனா பின்ரூம் நாற்காலி வாசலுக்கு வந்துடுச்சு, அது பெரிய விஷயம்.

எனக்கு ஒரு வியாதி உண்டு, உனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரி மருந்து ஜன்னல்ல உட்கார்ந்தவ நான், லேபிள் இல்லாத பாட்டிலை அலமாரியில வைக்க எனக்குக் கை வராது. டாக்டருங்க கோழி கிளறின மாதிரி கிறுக்கினதையெல்லாம் படிச்சவளுக்கு, வாசல்ல ஒரு மரம் பேர் இல்லாம நிக்கிறதைச் சகிக்க முடியலை. தெருவுல விசாரிச்சேன். எதிர் கோடவுன் வாட்ச்மேன் முப்பது வருஷமா அதே ஸ்டூல்ல இருக்கிற ஆளு, அவரைக் கேட்டேன். நல்லா வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், இருமினார், தெரியாதும்மான்னு சொல்லிட்டு கேட்டுக்குள்ளே போயி பூட்டிக்கிட்டார். பகல் பதினோரு மணிக்குக் கேட்டைப் பூட்டின ஒரே வாட்ச்மேன் அவராத்தான் இருப்பார். பக்கத்துல தையல் கடை வெச்சிருக்கிற அம்மாவைக் கேட்டேன். அவ டேப்பை வாயில கடிச்சுக்கிட்டு தோள் குலுங்கக் குலுங்க சிரிச்சா, கேட்டா ஊசி குத்திடுச்சுக்கான்னா. ஊசி குத்தினா சிரிப்பாங்களா? நர்சரிக்காரன்கிட்ட பூவையே கொண்டு போய்க் காட்டினேன், அது வெளிநாட்டு மரம்மா, நமக்கு எதுக்கு அதெல்லாம், ரோஜா எடுத்துட்டுப் போங்கன்னான். எடுத்துட்டு வந்தேன், அது செத்துப்போச்சு. உன்கிட்ட கேட்டப்போ போன்ல ஒரு ஆப் இறக்கச் சொல்லிக் கொடுத்தே, ஞாபகம் இருக்கா. போட்டோ எடுத்தா போதும்மா பேர் சொல்லிடும்னே. முதல் போட்டோவுக்கு இது முருங்கையா இருக்கலாம்னு சொல்லிச்சு. ரெண்டாவதுக்குக் காளான்னு சொல்லிச்சு. மூணாவதுல உங்க அப்பா காலும் சேர்ந்து விழுந்துடுச்சு, அதுக்கு இது நோயுற்ற தண்டு, நீர் குறைவா ஊத்தவும்னு அறிவுரை சொல்லிச்சு. அதை அவர்கிட்ட படிச்சுக் காட்டினேன். காலை உள்ளே இழுத்துக்கிட்டார். ஆனா அன்னைக்கு ராத்திரி ரெண்டாவது டம்ளர் தண்ணி கேட்டப்போ, கொஞ்சமா ஊத்து, ஆப் சொல்லியிருக்குன்னார். எத்தனையோ மாசத்துக்கப்புறம் அவர் வாயிலேர்ந்து வந்த முதல் நக்கல் அது. நான் சமையல்கட்டுக்குள்ளே போய் நின்னுக்கிட்டேன்.

இந்தச் சமயத்துல பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் வந்து சேர்ந்தார். பல்லைப் பிடுங்கும்போது வலிக்காதுன்னு சொல்லிப் பழகின வாயாச்சே, அதே இனிப்போட, அம்மா உங்க மரத்தோட ஒரு கிளை எங்க பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கு, பூ விழுந்து என் கார் கறையாகுது, பரவாயில்லை, ஆனா காய் விழ ஆரம்பிச்சா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதுன்னார். என்ன காய்னு கேட்டேன். வரும்போது பாருங்கன்னார். பேரென்னன்னு கேட்டேன். அவருக்குத் திடீர்னு ஒரு பேஷன்ட் ஞாபகம் வந்துடுச்சு. உங்க அப்பாவுக்கு இது போதும், வெட்டணும்னு நான் அன்னைக்கே சொன்னேனேன்னு சட்டையை மாட்டிக்கிட்டு நகராட்சி ஆபீஸுக்குக் கிளம்பிட்டார். மரம் வெட்ட மனு போடணும். மனுவுல மரத்தின் பெயர்னு ஒரு கட்டம். தெரியாதுன்னு எழுதினா வாங்க மாட்டாங்களாம். முதல் தடவை திரும்பி வந்தார். ரெண்டாவது தடவை போனப்போ, எந்த வீடு சார்னு கேட்டாங்களாம், மூலை வீடுன்னு சொன்னாராம், அந்த செக்ஷன் மொத்தமும் எழுந்து டீ குடிக்கப் போயிடுச்சாம். இதை அவர் எனக்குச் சொல்லும்போது அவர் காது ரெண்டும் சிவந்திருந்துச்சு. வெயில்ல நடந்து வந்த சிவப்புன்னு நினைச்சேன். பேர் தெரிஞ்சுதான்னு கேட்டேன். அவங்களுக்கும் தெரியலையாம்னு சொல்லிட்டு சாப்பிட உட்கார்ந்துட்டார். நானும் நம்பினேன். நகராட்சிக்கு ஒண்ணு தெரியலைன்னு யாராவது சொன்னா நம்பாம இருக்க முடியுமா?

நாலாவது தடவை போய் அனுமதிச் சீட்டை வாங்கிட்டு வந்தார். மரத்தை அடியோட வெட்டலாம், முப்பது நாள் கெடு. அவரோட பழைய கேங்ல மூணு பேர் ஒரு சனிக்கிழமை காலையில ஏணி, கயிறு, மிஷின் ரம்பம்னு வந்து இறங்கினாங்க. அதுல ஒருத்தனை உனக்குத் தெரியும், கொக்கி, எந்த வேலைக்கு வந்தாலும் கொக்கியை மறந்துட்டு வருவானே அவன்தான். அதுக்குள்ளே பூவெல்லாம் முடிஞ்சு காய் பிடிச்சிருந்துச்சு. வெள்ளரிக்காய் மாதிரி ஆரம்பிச்சு, சுரைக்காய் மாதிரி ஆகி, அதுக்கும் மேல போயிட்டே இருந்துச்சு, சாம்பல் நிறத்துல, கயிறு கட்டித் தொங்கவிட்ட மாதிரி, ரெண்டு ரெண்டா. எனக்கு ஒண்ணும் தோணலை, நான் மருந்துக்காரி, கற்பனை கம்மி. வந்தவங்ககிட்ட உங்க அப்பா என்ன சொன்னார் தெரியுமா, டாக்டர் வீட்டுப் பக்கம் நீட்டிக்கிட்டிருக்கிற அந்த ஒரு கிளையை மட்டும் எடுங்கடா போதும்னார். நாலு தடவை ஆபீஸுக்கு நடந்து, அடியோட வெட்ட அனுமதி வாங்கினவர். ஏன்னு கேட்டேன், காய் இன்னும் முத்தலைன்னார். ஏதோ இவர் முத்தின பிறகு கூட்டு வைக்கப்போற மாதிரி. நான் வாயை மூடிக்கிட்டு டீ போடப் போனேன். தட்டோட வாசலுக்கு வர்றேன், மேல ஏறின கொக்கி கீழே பார்த்து, அண்ணே, போயும் போயும் யானைப்புடுக்கன் மரத்தையா வாசல்ல வெச்சுக்கிட்டுக் குடியிருக்கீங்கன்னு தெருவே அதிரக் கத்தினான்.

கத்தினவன் என்னைப் பார்த்துட்டான். கிளையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு கண்ணை மூடிக்கிட்டான். கீழே இருந்த ரெண்டு பேரும் ரம்பத்தை ஆராய்ச்சி பண்ண ஆரம்பிச்சாங்க. தையல் மிஷின் சத்தம் நின்னுச்சு. வாட்ச்மேன் மறுபடி கேட்டைப் பூட்டினார். உங்க அப்பா தரையில எறும்பு எண்ணிக்கிட்டு நின்னார். எனக்குக் கொஞ்சம் கொஞ்சமா விளங்கிச்சு. நிமிர்ந்து பார்த்தேன், அட ஆமாம், அச்சு அசல். இதுக்காடா இத்தனை பேரும் எனக்குத் தண்ணி காட்டினீங்க! ஆஸ்பத்திரி ஜன்னல்ல உட்கார்ந்து, இது மூலத்துக்கு, இது விரைவீக்கத்துக்கு, படுக்கும்போது தடவணும்னு வரிசையில நிக்கிற கடைசி ஆளுக்கும் கேக்கிற மாதிரி கத்திக் கத்தித் தொண்டை போனவ நான். மனுஷனுக்கு இருக்கிறதைச் சொல்ல நான் வெட்கப்பட்டது இல்லை, யானைக்கு இருக்கிறதைச் சொல்ல இந்தத் தெருவே வெட்கப்படுதுன்னு சத்தமாவே சொன்னேன். முதல்ல இருமல் மாதிரிதான் ஆரம்பிச்சுது, உங்க அப்பாவுக்கு மூச்சு அடைக்குதோன்னு பயந்துட்டேன். பார்த்தா சிரிக்கிறார். ஏணியைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறார், ஏணி ஆடுது, மேல கொக்கி அண்ணே அண்ணேன்னு அலறுறான், இவருக்குக் கண்ணுல தண்ணி. இத்தனை மாசமா நான் எதைத் தேடிக்கிட்டிருந்தேனோ அது அங்கே ஏணிக்குப் பக்கத்துல நின்னுச்சு. அப்புறம்தான் உண்மையைக் கக்கினார். ஆபீஸ் பியூன் ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே காதுல சொல்லிட்டானாம். மனுவுல எழுதறதுக்குக் கௌரவமா சிவகுண்டலம்னு ஒரு பேரும் கொடுத்தானாம். என்கிட்ட ஏன் சொல்லலைன்னு கேட்டா, உன்கிட்ட எப்படிடி அதைச் சொல்றதுங்கிறார். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம், உன்னையும் பெத்து வளர்த்தாச்சு, என்கிட்ட கூச்சமாம். சரி, அந்தக் கௌரவமான பேராவது சொல்லியிருக்கலாமேன்னா, அதைச் சொன்னா இன்னொரு பேர் இருக்கான்னு நீ கேப்பியேன்னார். கேட்டிருப்பேன்தான். எனக்கு லேபிள்ல ரெண்டு பக்கமும் படிச்சுப் பழக்கம்.

இனிமேதான் நான் சொல்ல வந்தது. டாக்டர் பக்கத்துக் கிளை போச்சு, மீதி மரம் நின்னுச்சு, அதுல பதினேழு காய். உங்க அப்பா ஒரு மூங்கில் கழியில பிரஷ்ஷைக் கட்டி, மின்கம்பத்துக்கு நம்பர் போடுற மாதிரி ஒவ்வொண்ணுலயும் மஞ்சள் பெயின்ட்ல ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டார். தினமும் காலையில அதுங்களுக்குக் கீழேயே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு பேப்பர் படிப்பார். தள்ளி உட்காருங்கன்னு நான் நூறு தடவை சொன்னேன், காம்பு ஸ்ட்ராங்கா இருக்கு, நான் பார்க்காத கேபிளான்னார். போன மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை நீ காலையில எட்டேகாலுக்குப் போன் பண்ணினே. ஒவ்வொரு தடவையும் ஏம்மா உன் குரல் எதிரொலிக்குதுன்னு கேப்பியே, இப்போ சொல்றேன், நான் ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவேன். மணி அடிச்ச உடனே அவர் எங்கே இருந்தாலும் எழுந்து வந்துடுவார். கதவுக்குப் பின்னாடி நின்னு, காலண்டர்ல தேதி பார்க்கிற மாதிரி நிப்பார், நீ வைக்கிற வரைக்கும் பார்ப்பார். எங்க வீட்டுக் காலண்டர் மாதிரி இவ்வளவு உன்னிப்பா யாரும் எந்தக் காலண்டரையும் பார்த்திருக்க மாட்டாங்க. அன்னைக்கும் பேப்பரை நாற்காலியில போட்டுட்டு வந்து நின்னார். நீ சளி பிடிச்சு மூணு நாள் லீவு போட்டதைச் சொல்லிக்கிட்டிருந்தே. அப்போ வெளியே ஒரு சத்தம். உனக்கே கேட்டுச்சு, என்னம்மா அதுன்னு கேட்டே, குக்கர் மூடி விழுந்துடுச்சுன்னு சொன்னேன். குக்கர் மூடி இல்லை கண்ணு. பதினோராம் நம்பர் காய். நாற்காலி நாலு துண்டாக் கிடந்துச்சு. பேப்பர் நடுவுல ஓட்டை. அவர் கண்ணாடிக்கூடு நொறுங்கின அப்பளம். காயை நான் தராசுல வெச்சுப் பார்த்தேன், நாலரைக் கிலோ.

காலிங்பெல் அடிக்குதுன்னு உன்கிட்ட பொய் சொல்லிட்டு வெச்சேன். வாசப்படியிலேயே உட்கார்ந்துட்டேன். அவர் வந்து நாற்காலியைப் பார்த்தார், மேலே காம்பைப் பார்த்தார். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, சளி இப்போ தேவலையாமான்னு கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நீங்க பொழைச்சதே அவ போன் பண்ணினதாலதான், அவளைக் கேக்க வேண்டியதை என்கிட்ட ஏன் கேக்கிறீங்க, நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல டெலிபோன் கம்பமா, பத்து மாசமா ரெண்டு பக்கமும் தாங்கிக்கிட்டு நிக்கிறேன், எனக்கு முதுகு வலிக்குதுன்னு கத்தினேன். அழுதேன்னும் வெச்சுக்கோ. தையல்காரம்மா தண்ணி கொண்டு வந்தா. உங்க அப்பா உடைஞ்ச நாற்காலியைப் பொறுக்கி ஒரு மூலையில அடுக்கிட்டு உள்ளே போனார். கட்டில் கீழே ஏதோ இழுக்கிற சத்தம் கேட்டுச்சு. போய்ப் பார்த்தா, ரெண்டு இரும்புப் பெட்டியும் நடு ரூம்ல, கயிறை அவுத்துட்டு, பெல்ட், புல்லி, நைலான் கயிறுன்னு ஒவ்வொண்ணா எடுத்து தரையில பரப்பிக்கிட்டிருந்தார்.

ஊர் உலகத்துல காய் தலையில விழும்னா காயை அறுத்துப் போடுவாங்க. உங்க அப்பா காய்க்கு பெல்ட் போடுறார். நடைபாதைக்கு மேல இருந்த நாலை மட்டும் அறுக்க விட்டார், மீதி பன்னெண்டையும் டிரான்ஸ்பார்மரைத் தூக்கிக் கட்டுற மாதிரி வலை பின்னிக் கிளையோட கட்டணுமாம். நீ பதறாதே, அவர் ஏறலை, கொக்கிதான் வந்து ஏறுறான், இவர் கீழே ஹெல்மெட் போட்டுக்கிட்டு நின்னு அதிகாரம் பண்ணுறார். ஹெல்மெட் போட்டிருக்கார், அதை நல்லாக் கவனி. மூணாவது நாள் ஒரு சந்தேகம் வந்துடுச்சு அவருக்கு, கயிறு எத்தனை மடங்கு எடை தாங்கணும்னு. உன் மகள்கிட்ட கேளேன், தலைக்கு மேல தொங்குறதுக்கு அவங்க ஃபேக்டரியில என்ன கணக்கு வெச்சிருக்காங்கன்னு என்கிட்ட சொன்னார். கம்பத்துக்கு முதுகு வலி, நீங்களே கேளுங்கன்னு சொல்லிட்டேன். ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டார். மூணாவது நாள் சொல்லாம கொள்ளாம கடைக்குப் போய், பட்டன் வெச்ச சின்ன போன் ஒண்ணும் தனி சிம் ஒண்ணும் வாங்கிட்டு வந்தார். என் போன்லேர்ந்து உன் நம்பரை ஒரு அட்டையில எழுதி சட்டைப் பையில வெச்சிருக்கார். நான் பார்க்கலைன்னு நினைப்பு. இப்போ தினமும் பின்ரூம்லேர்ந்து எனக்குப் போன் பண்ணிப் பழகுறார். எடுத்தா பேச மாட்டார், மூச்சு விடுற சத்தம் மட்டும் கேக்கும், அப்புறம் சரியாக் கேக்குதான்னு ஒரு குரல், கேக்குதுன்னு சொன்னா கட்.

உடம்பைப் பார்த்துக்கோ, மறுபடி சளி பிடிச்சா மூணு நாள் கழிச்சுச் சொல்லாம முதல் நாளே சொல்லு. நாங்க ரெண்டு பேரும் இருக்கிற ஆயுசையும் சேர்த்து வாங்கிக்கிட்டு நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும். கோபம் வந்தாலும் சாப்பாட்டை விடாதே. ஒண்ணே ஒண்ணு மட்டும் மறக்காதே. பன்னெண்டு காயையும் கட்டி முடிச்சதும் கூப்பிடுறதா ஒரு கெடு வெச்சிருக்கார், நேத்தோட ஒன்பது ஆச்சு, அதனால இந்தக் கடிதம் உன் கைக்கு வர்ற வாரத்துலயே உனக்குத் தெரியாத ஒரு நம்பர்லேர்ந்து போன் வரும். மீட்டிங்கா இருந்தாலும் எழுந்து வெளியே போய் எடு. முதல் ஒரு நிமிஷம் மூச்சு மட்டும்தான் வரும், ராங் நம்பர்னு வெச்சுடாதே. அப்புறம் கயிறைப் பத்திக் கேப்பார். கயிறைப் பத்தி மட்டுமே பேசு, படியைப் பத்தி ஒரு வார்த்தையும் வேண்டாம், எவ்வளவு நேரம் இழுத்தாலும் நீயா வைக்காதே.

இப்படிக்கு,
பக்கத்து ரூம்லேர்ந்து வர்ற போனை எடுத்து எடுத்துக் கை ஓய்ஞ்சுபோன
உன் அம்மா